புவியிடங்காட்டித் தடத்தரவுப் பரிமாற்றம்

புவியிடங்காட்டித் தடத்தரவுப் பரிமாற்றம் என்பது, ஜிபிஎஸ் எனப்படும் புவியிடங்காட்டிக் கருவி ஒன்று பதிவு செய்த பயணத் தடத்தை ஒரு நிலப்பட மென்பொருளிலிருந்து மற்றொரு நிலப்பட மென்பொருளுக்குக் கொண்டு செல்லும் செயலாகும். நடைபயணிகள், மிதிவண்டி ஓட்டுநர்கள், மீட்புக் குழுவினர், காட்டுயிர் ஆய்வாளர்கள், தன்னார்வ நிலப்பட ஆக்குநர்கள் ஆகியோர் இதனைப் பயன்படுத்துகின்றனர்.

கருவிகளும் மென்பொருள்களும் வெவ்வேறு கோப்பு வடிவங்களைக் கையாள்வதால், இப்பரிமாற்றம் பெரும்பாலும் வெறும் படியெடுத்தலாக அமைவதில்லை. ஒரு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்துக்கு மொழிபெயர்ப்பதாகவே அமைகிறது. ஒரு வடிவத்தில் உள்ள எல்லாத் தகவல்களுக்கும் மற்றொரு வடிவத்தில் இடம் இருப்பதில்லை. எனவே நிலப்படத்தில் கோடு சரியாகத் தோன்றினாலும், அதனுடன் இருந்த நேரம், உயரம், இடைவெளிகள் முதலியன இழக்கப்பட்டோ மாறியோ இருக்கக்கூடும்.

தடத்தரவின் கூறுகள்

புவியிடங்காட்டிக் கருவிகளும் நிலப்பட மென்பொருள்களும் பொதுவாக மூன்று வகையான தரவுகளைக் கையாளுகின்றன.

* வழிப்புள்ளி: பயனர் பெயரிட்டுக் குறித்து வைத்த தனி இடம். எடுத்துக்காட்டாக ஒரு நீரூற்று, மலையுச்சி அல்லது கூடாரம் அமைத்த இடம்.
* செல்வழி: இனிச் செல்ல வேண்டிய இடங்களின் வரிசை. இது பயணத்துக்கு முன்பு திட்டமிடப்படுவது. குறைந்த எண்ணிக்கையிலான புள்ளிகளைக் கொண்டது.
* தடம்: கருவி உண்மையில் கடந்து வந்த புள்ளிகளின் பதிவு. சில வினாடிகளுக்கு ஒருமுறையோ சில மீட்டர்களுக்கு ஒருமுறையோ தானாகப் பதிவாவதால் ஆயிரக்கணக்கான புள்ளிகளைக் கொண்டிருக்கலாம்.

ஒவ்வொரு தடப்புள்ளியிலும் அகலாங்கும் நெட்டாங்கும் கட்டாயம் இருக்கும். இவை முறையே அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவற்றின் அளவுகளாகும். இவற்றுடன் உயரமும் நேரமும் பெரும்பாலும் பதிவாகும். உடற்பயிற்சிக் கருவிகளில் இதயத் துடிப்பு, மிதிவேகம் போன்ற அளவீடுகளும் சேர்கின்றன. சமிக்ஞை தடைப்படும்போது அல்லது கருவி நிறுத்தி வைக்கப்படும்போது தடம் பல துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது.

தடம் நடந்து முடிந்ததன் சான்று. செல்வழி இனி நடக்க வேண்டியதன் திட்டம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது. தடத்தைச் செல்வழியாக மாற்றினால் புள்ளிகள் குறைக்கப்படுவதுடன் நேரமும் வழக்கமாக நீக்கப்படுகிறது. மேலும், சாலை வழிகாட்டிக் கருவிகள் சில, செல்வழியின் புள்ளிகளுக்கு இடையே தாமே புதிய பாதையைக் கணிக்கின்றன. அப்போது கருவி காட்டும் பாதை முதலில் பதிவான பாதையாக இருக்க வேண்டியதில்லை.

வரலாறு

கடல்சார் மின்னணுக் கருவிகள் ஒன்றோடொன்று தொடர்புகொள்வதற்காக, அமெரிக்காவின் தேசியக் கடல்சார் மின்னணுவியல் கழகம் 1983 ஆம் ஆண்டு என்எம்இஏ 0183 என்னும் தரத்தை வெளியிட்டது. பின்னாளில் பல புவியிடங்காட்டிக் கருவிகள் தம் இருப்பிடத்தை வெளியிட இத்தரத்தையே பின்பற்றின. ஆனால் இது உடனுக்குடன் தகவல் அனுப்புவதற்காக உருவானது. தடங்களைப் பெயரிட்டுச் சேமிப்பதற்காக உருவானதன்று.

பொதுமக்களுக்கான புவியிடங்காட்டிச் சமிக்ஞையின் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்து வந்த நடைமுறையை அமெரிக்க அரசு 2000 ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் கைவிட்டது. அதுவரை ஏறத்தாழ 100 மீட்டர் வரை இருந்த பிழை பெருமளவு குறைந்ததால், கையடக்கக் கருவியால் பதிவான தடம் ஒற்றையடிப் பாதைகளையும் தெருக்களையும் வரைவதற்கு ஏற்றதாயிற்று. கையடக்கக் கருவிகளின் பயன்பாடு பெருகியது. ஆனால் கருவி நிறுவனங்களும் மென்பொருள் நிறுவனங்களும் தத்தம் தனி வடிவங்களையே பயன்படுத்தி வந்தன.

இச்சூழலில் டோப்போகிராஃபிக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த டான் ஃபாஸ்டர், ஜிபிஎக்ஸ் என்னும் பொது வடிவத்தை முன்வைத்தார். இதன் முதல் பதிப்பான 1.0, 2002 ஆம் ஆண்டிலும், 1.1 ஆம் பதிப்பு 2004 ஆம் ஆண்டு ஆகஸ்டு 9 அன்றும் வெளியாயின. இது எக்ஸ்எம்எல் மொழியை அடிப்படையாகக் கொண்ட திறந்த வடிவம் என்பதாலும், உரிமக் கட்டணம் இல்லை என்பதாலும் விரைவாகப் பரவியது. 2004 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் திட்டம், தன்னார்வலர் பதிவு செய்த தடங்களை ஜிபிஎக்ஸ் கோப்புகளாகவே பெற்று வருகிறது.

கீஹோல் நிறுவனம் உருவாக்கிய கேஎம்எல் வடிவம், அந்நிறுவனத்தைக் கூகுள் 2004 ஆம் ஆண்டு வாங்கியதையடுத்து கூகுள் எர்த் மென்பொருள் வழியாகப் புகழ்பெற்றது. 2008 ஆம் ஆண்டு இது திறந்த புவியிடக் கூட்டமைப்பின் தரமாக ஏற்கப்பட்டது.

திறன்பேசிகள் பரவியபின் தடங்கள் பெரும்பாலும் இணையச் சேவைகளிலேயே சேமிக்கப்படலாயின. இச்சேவைகள் நிலையானவை அல்ல. கூகுள் நிறுவனத்தின் மை டிராக்ஸ் செயலி 2016 ஆம் ஆண்டு ஏப்ரலிலும், எண்டோமோண்டோ சேவை 2020 ஆம் ஆண்டு திசம்பர் 31 அன்றும் நிறுத்தப்பட்டன. இத்தகைய தருணங்களில், பல ஆண்டுகளாகச் சேர்த்த பதிவுகளைப் பயனர்கள் வேறு வடிவத்தில் ஏற்றுமதி செய்து காக்க வேண்டியுள்ளது.

முதன்மையான கோப்பு வடிவங்கள்

* ஜிபிஎக்ஸ்: வழிப்புள்ளி, செல்வழி, தடம் ஆகிய மூன்றையும் தனித்தனி உறுப்புகளாகக் கொண்டுள்ளது. இடங்கள் டபிள்யூஜிஎஸ் 84 முறையில் பதின்மப் பாகைகளிலும், உயரம் மீட்டரிலும், நேரம் ஒருங்கிணைந்த அனைத்துலக நேரத்திலும் எழுதப்படுகின்றன. இதயத் துடிப்பு போன்றவற்றுக்குத் தனி உறுப்புகள் இல்லை. அவை நீட்சி என்னும் பகுதியில் சேர்க்கப்படுகின்றன. 1.0 பதிப்பில் தடப்புள்ளிக்கு இருந்த வேகம், திசை ஆகிய உறுப்புகள் 1.1 பதிப்பில் நீக்கப்பட்டன.
* கேஎம்எல்: நிலப்படத்தில் காட்சிப்படுத்துவதை முதன்மை நோக்கமாகக் கொண்டது. கோட்டின் நிறம், தடிமன், விளக்கப் படங்கள் ஆகியவற்றை ஏற்கும். எளிய கோடாக எழுதப்படும் தடத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் நேரம் எழுத இடமில்லை. நேரத்துடன் கூடிய தட உறுப்பு முதலில் கூகுளின் நீட்சியாக வந்து, 2015 ஆம் ஆண்டின் 2.3 பதிப்பில் தரத்தில் இடம்பெற்றது.
* டிசிஎக்ஸ்: கார்மின் நிறுவனத்தின் உடற்பயிற்சி வடிவம். சுற்றுகள், இதயத் துடிப்பு, மிதிவேகம், செலவான ஆற்றல் ஆகியவற்றைக் கொண்டிருக்கும்.
* ஃபிட்: உடற்பயிற்சிக் கருவிகளில் பரவலாகக் காணப்படும் இரும வடிவம். உரைத்தொகுப்பியில் திறந்து படிக்க இயலாது. கோப்பின் அளவு சிறியது.
* பிஎல்டி: ஓசிஎக்ஸ்புளோரர் மென்பொருளின் தட வடிவம். காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட எளிய உரைக்கோப்பு. உயரம் அடிக்கணக்கில் எழுதப்படுகிறது. உயரம் அறியப்படாத இடத்தில் −777 என்னும் எண் இடப்படுகிறது.
* ஐஜிசி: வானூர்தி விளையாட்டுகளில், குறிப்பாகச் சறுக்கு வானூர்திப் பறத்தலில், பறப்புப் பதிவுக்கான வடிவம். பதிவு திருத்தப்படவில்லை என்பதை உறுதிசெய்யும் பாதுகாப்புக் குறியீட்டைக் கொண்டது. வேறு வடிவத்துக்கு மாற்றினால் அச்சான்று பயனற்றுவிடும்.
* ஜியோஜேசன்: இணைய நிலப்படங்களில் பரவலாகப் பயன்படுவது. 2016 ஆம் ஆண்டு இணையத் தரமாக வெளியிடப்பட்டது. புள்ளிதோறும் நேரம் எழுதுவதற்கான முறை இத்தரத்தில் வரையறுக்கப்படவில்லை.

பரிமாற்ற முறைகள்

தொடக்ககாலக் கையடக்கக் கருவிகள் தொடர்நிலைக் கம்பிவடம் மூலம் கணினியுடன் இணைக்கப்பட்டன. தரவைப் பெறுவதற்குக் கருவியின் நெறிமுறையை அறிந்த மென்பொருள் தேவைப்பட்டது. பின்னர் வந்த யுஎஸ்பி கருவிகள் பல, கணினியில் ஒரு சேமிப்பகமாகவே தோன்றுவதால் கோப்பை நேரடியாகப் படியெடுக்க முடிகிறது.

மென்பொருள்களுக்கு இடையிலான பரிமாற்றம் பொதுவாக மூன்று வழிகளில் நடைபெறுகிறது.

* நேரடி வழி: முதல் மென்பொருள் ஏற்றுமதி செய்யும் வடிவத்தை இரண்டாவது மென்பொருள் இறக்குமதி செய்வது. இரண்டும் ஜிபிஎக்ஸ் வடிவத்தை ஏற்றால் இதுவே எளியது.
* மாற்றி வழி: இரண்டுக்கும் பொதுவான வடிவம் இல்லாதபோது இடையில் ஒரு மாற்றி மென்பொருளைப் பயன்படுத்துவது. ஜிபிஎஸ்பேபெல் என்னும் கட்டற்ற மென்பொருள் இவ்வகையில் நன்கறியப்பட்டது. இது விண்டோஸ், மாக், லினக்ஸ் ஆகிய இயங்குதளங்களில் இயங்கும். உள்ளீட்டு வடிவம், உள்ளீட்டுக் கோப்பு, வெளியீட்டு வடிவம், வெளியீட்டுக் கோப்பு ஆகிய நான்கையும் குறிப்பிட்டால் மாற்றித் தரும்.
* புவியியல் தகவல் முறைமை வழி: கியூஜிஐஎஸ் போன்ற மென்பொருளில் தடத்தைத் திறந்து, தேவையான வடிவத்தில் மீண்டும் சேமிப்பது. ஆய்வுப் பணிகளில் இது மிகுதி.

இடையில் வரும் ஒவ்வொரு வடிவமும் ஒரு வடிகட்டி போலச் செயற்படுகிறது. எடுத்துக்காட்டாக, ஒரு ஜிபிஎக்ஸ் தடத்தை எளிய கேஎம்எல் கோடாக மாற்றி, அதனை மீண்டும் ஜிபிஎக்ஸ் வடிவத்துக்கு மாற்றினால் கோடு அப்படியே இருக்கும். நேரம் திரும்பி வராது. நேரம் இல்லாத தடத்திலிருந்து வேகத்தைக் கணிக்க இயலாது. ஒளிப்படங்களுக்கு இடம் குறிக்கவும் இயலாது. தடப்புள்ளிகள் நேரத்துடன் இருக்க வேண்டும் என்பதால், அத்தகைய தடத்தை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் திட்டத்தில் பதிவேற்றவும் இயலாது.

பரிமாற்றத்தில் ஏற்படும் பிழைகள்

ஆயத்தொலைவுகளை எழுதும் முறை

ஒரே இடத்தைப் பதின்மப் பாகையிலும், பாகை-கலையிலும், பாகை-கலை-விகலையிலும் எழுதலாம். ஒரு பாகை 60 கலைகளைக் கொண்டது. இலண்டனில் உள்ள கிரீனிச் வானாய்வகத்தின் அகலாங்கு பதின்ம முறையில் 51.4779 பாகை வடக்கு ஆகும். இதுவே பாகை-கலை முறையில் 51 பாகை 28.674 கலை என்றும், என்எம்இஏ முறையில் 5128.674 என்றும் எழுதப்படும். ஃபிட் வடிவத்தில் 180 பாகை என்பது 2147483648 சம பங்குகளாகப் பிரிக்கப்படுவதால், இதே அகலாங்கு 614155269 என்னும் முழு எண்ணாகச் சேமிக்கப்படும்.

பாகை-கலை எண்ணைப் பதின்மப் பாகையாகத் தவறாகப் படித்து 51.28674 எனக் கொண்டால், இடம் ஏறத்தாழ 21 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்துவிடும். இத்தகைய பிழையின் முடிவும் நம்பத்தக்க ஓர் இடமாகவே தோன்றுவதால் இது எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. காணாமற்போனவரைத் தேடும் பணியில் இப்பிழை தேடும் பகுதியையே மாற்றிவிடக்கூடும்.

பதின்ம இலக்கங்களின் எண்ணிக்கையும் கருதத்தக்கது. ஐந்து இலக்கங்கள் நிலநடுக்கோட்டில் ஏறத்தாழ 1.1 மீட்டர் நுட்பத்தைத் தரும். மூன்று இலக்கங்களாகக் குறைத்தால் இது 111 மீட்டராகிவிடும்.

அகலாங்கு, நெட்டாங்கு வரிசை

ஜிபிஎக்ஸ் வடிவத்தில் அகலாங்கும் நெட்டாங்கும் பெயரிட்டு எழுதப்படுகின்றன. கேஎம்எல், ஜியோஜேசன் ஆகியவற்றில் பெயரின்றி நெட்டாங்கு முதலிலும் அகலாங்கு அடுத்தும் வரும். பேச்சு வழக்கிலும் பல மென்பொருள்களிலும் அகலாங்கே முதலில் வருவதால் இவ்வரிசை அடிக்கடி மாறிவிடுகிறது. கிரீனிச் வானாய்வகத்தின் எண்களை இடம் மாற்றினால், அவ்விடம் சோமாலியாவுக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் நிலநடுக்கோட்டின் அருகே தோன்றும்.

அளவை அடிப்படை

ஆயத்தொலைவு எண்கள் பூமியின் வடிவத்தையும் மையத்தையும் பற்றிய ஒரு வரையறையைச் சார்ந்தவை. இது டேட்டம் எனப்படும் அளவை அடிப்படையாகும். புவியிடங்காட்டி டபிள்யூஜிஎஸ் 84 அடிப்படையைப் பயன்படுத்துகிறது. பழைய நிலப்படங்கள் பல வேறு அடிப்படைகளில் வரையப்பட்டவை.

இந்திய நிலவளவைத் துறையின் பழைய நிலப்படங்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. 1802 ஆம் ஆண்டு வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோணவியல் அளவையின் வழிவந்தது இது. இந்த அடிப்படையிலான எண்களை மாற்றாமல் டபிள்யூஜிஎஸ் 84 எண்களாகக் கொண்டால், தென்னிந்தியாவில் இடம் நூறு மீட்டர் அளவுக்கு விலகக்கூடும். 2005 ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கையின்படி, பொதுமக்களுக்கான நிலப்பட வரிசை டபிள்யூஜிஎஸ் 84 அடிப்படைக்கு மாற்றப்பட்டது.

சீனாவில் பொதுமக்களுக்கான இணைய நிலப்படங்கள், இடங்களைத் திட்டமிட்டு விலக்கிக் காட்டும் ஜிசிஜே-02 என்னும் முறையைப் பின்பற்றுகின்றன. அங்குப் பதிவான ஜிபிஎக்ஸ் தடத்தை மாற்றாமல் அந்நிலப்படங்களில் இட்டால், சில நூறு மீட்டர் வரை தள்ளித் தோன்றும்.

உயரம்

உயரத்தைக் கடல்மட்டத்திலிருந்தும் அளக்கலாம். கணித நீள்கோளத்தின் மேற்பரப்பிலிருந்தும் அளக்கலாம். உலகில் இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு மிகுந்து காணப்படும் பகுதிகளுள் தென்னிந்தியாவும் இலங்கையும் அடங்கும். இப்பகுதியில் கடல்மட்டப் பரப்பு நீள்கோளத்துக்குக் கீழே 80 முதல் 100 மீட்டர் வரை தாழ்ந்துள்ளது. நீள்கோள உயரத்தைக் கடல்மட்ட உயரமாகக் கொள்ளும் மென்பொருள், கடற்கரையில் நடந்தவரைக் கடலுக்கடியில் நடந்தவராகக் காட்டும்.

அடியையும் மீட்டரையும் குழப்பினால் உயரம் ஏறத்தாழ 3.28 மடங்கு மாறும். சில மென்பொருள்கள், பதிவான உயரத்தை நீக்கிவிட்டு, 2000 ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்ணோடம் மூலம் திரட்டப்பட்ட நிலக்கிடப்பு உயரத் தரவு போன்றவற்றிலிருந்து புதிய உயரத்தை இடுகின்றன. பாலம், சுரங்கவழி, செங்குத்துப் பாறை ஆகிய இடங்களில் இது பொருந்துவதில்லை.

நேரம்

இந்திய நேரமும் இலங்கை நேரமும் ஒருங்கிணைந்த அனைத்துலக நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் முன்னே உள்ளன. அங்குக் காலை 5 மணிக்குத் தொடங்கிய நடை, ஜிபிஎக்ஸ் கோப்பில் முந்தைய நாள் 23:30 எனப் பதிவாகும். உள்ளூர் நேரத்தை அனைத்துலக நேரமாக எழுதிவிடும் மென்பொருளால், ஒளிப்படங்களைத் தடத்துடன் பொருத்தும்போது படங்கள் வேறு இடங்களில் சென்று அமைகின்றன.

புவியிடங்காட்டிச் சமிக்ஞையில் வாரங்கள் 1024 வரை மட்டுமே எண்ணப்பட்டு மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்குகின்றன. இம்மீள்தொடக்கம் 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் நிகழ்ந்தது. இதற்கேற்பப் புதுப்பிக்கப்படாத கருவிகளின் தடங்களில் நாள் ஏறத்தாழ 19.6 ஆண்டுகள் பின்தங்கியிருக்கும்.

தடத் துண்டுகளும் புள்ளிக் குறைப்பும்

துண்டுகளை அறியாத வடிவத்துக்கு மாற்றும்போது எல்லாத் துண்டுகளும் ஒரே கோடாக இணைக்கப்படுகின்றன. சுரங்கவழியில் சமிக்ஞை அற்ற பகுதியும், பதிவை நிறுத்தியபின் வண்டியில் சென்ற தொலைவும், நேர்க்கோடாகத் தோன்றும். இதனைப் பார்த்து வரையப்படும் நிலப்படத்தில் இல்லாத பாதை இடம்பெற வாய்ப்புண்டு.

கருவியின் புள்ளி வரம்புக்குள் தடத்தை அடக்குவதற்கு, 1973 ஆம் ஆண்டு வெளியான டக்ளஸ்-பியூக்கர் படிமுறை போன்றவை பயன்படுகின்றன. இவை கோட்டின் வடிவத்தைக் காக்கும் புள்ளிகளை வைத்துக்கொண்டு பிறவற்றை நீக்குகின்றன. கொண்டையூசி வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் மிகையாகக் குறைத்தால் வளைவுகளே மறைந்துவிடும். 2000களின் கையடக்கக் கருவிகள் சில, தடத்தைக் கருவியிலேயே பெயரிட்டுச் சேமிக்கும்போது புள்ளிகளைக் குறைத்ததுடன் நேரத்தையும் நீக்கின.

பெயர்கள்

பழைய கருவிகள் சில வழிப்புள்ளிப் பெயருக்கு ஆறு ஆங்கில எழுத்துகளை மட்டுமே ஏற்றன. பெயர்கள் சுருக்கப்படும்போது இரு வேறு இடங்கள் ஒரே பெயரைப் பெற்று, ஒன்று மற்றொன்றை அழித்துவிடுவதும் உண்டு. ஒருங்குறியில் எழுதப்பட்ட தமிழ்ப் பெயர்களை ஜிபிஎக்ஸ் கோப்பு காக்கும். எனினும் தமிழ் எழுத்துரு இல்லாத கருவியில் அவை வெற்றுக் கட்டங்களாகத் தோன்றும். கோப்பை வேறு குறியேற்றத்தில் சேமித்தால் பெயர்கள் மீட்க முடியாதவாறு சிதைந்துவிடும்.

தட நீள வேறுபாடு

ஒரே கோப்பை இரு மென்பொருள்களில் திறக்கும்போது தடத்தின் நீளம் வேறுபட்டுக் காட்டப்படுவது பொதுவானது. இது பரிமாற்றப் பிழையாக இருக்க வேண்டியதில்லை. நின்றுகொண்டிருக்கும் கருவியும் சில மீட்டர்கள் அலைவதாகப் பதிவு செய்வதால், எல்லாப் புள்ளிகளையும் கூட்டும் மென்பொருள் மிகுந்த நீளத்தைக் காட்டும். அலைவுகளை வடிகட்டும் மென்பொருள் குறைந்த நீளத்தைக் காட்டும். ஏற்ற இறக்கங்களைக் கணக்கில் கொள்வதும் கொள்ளாததும் மற்றொரு காரணமாகும். மொத்த ஏற்றத்தின் அளவு இதனினும் மிகுதியாக வேறுபடுகிறது.

தனியுரிமை

தடத்தின் முதற்புள்ளி பெரும்பாலும் பயனரின் வீடாகும். நேரத்துடன் கூடிய தடம், அவர் எந்நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை என்பதையும் காட்டும். ஸ்ட்ராவா நிறுவனம் 2017 ஆம் ஆண்டு நவம்பரில் தன் பயனர்களின் தடங்களைத் திரட்டி வெளியிட்ட உலக நிலப்படத்தில், இராணுவத் தளங்களின் அமைப்பு தெரிவது 2018 ஆம் ஆண்டு சனவரியில் சுட்டிக்காட்டப்பட்டது. அரிய உயிரினங்களின் வாழிடங்களைப் பதிவு செய்யும் ஆய்வாளர்களுக்கும் இதே இடர் உண்டு.

கோப்பைப் பிறருக்கு வழங்குமுன் தொடக்க, இறுதிப் பகுதிகளை வெட்டி நீக்குவது வழக்கம். மென்பொருள் திரையில் மறைக்கப்பட்ட பகுதி ஏற்றுமதியான கோப்பில் இருக்கக்கூடும் என்பதால், ஏற்றுமதிக்குப் பின் அக்கோப்பையே திறந்து பார்ப்பதே உறுதியான வழியாகும். பொருள் இழக்காத மாற்றம் இங்கு விரும்பத்தக்கதன்று என்பது குறிப்பிடத்தக்கது.

சரிபார்த்தல்

மாற்றப்பட்ட கோப்பை மூலக்கோப்புடன் ஒப்பிட்டுப் பார்ப்பதால் மேற்கூறிய பிழைகளில் பெரும்பாலானவற்றைக் கண்டறியலாம். பொதுவாகச் சரிபார்க்கப்படுபவை:

* தடப்புள்ளிகளின் எண்ணிக்கையும் தடத் துண்டுகளின் எண்ணிக்கையும்
* முதற்புள்ளி, இறுதிப்புள்ளி ஆகியவற்றின் ஆயத்தொலைவுகள்
* முதற்புள்ளியின் நாளும் நேரமும், அவை எந்த நேர வலயத்தைச் சேர்ந்தவை என்பதும்
* உயரம் அறியப்பட்ட ஓர் இடத்தில் தடம் காட்டும் உயரம்
* நன்கறிந்த ஒரு சாலைச் சந்திப்பு அல்லது பாலத்தின் மீது தடம் பொருந்துகிறதா என்பது
* வழிப்புள்ளிகளின் பெயர்கள்

ஜிபிஎக்ஸ், கேஎம்எல், டிசிஎக்ஸ், பிஎல்டி ஆகியவை உரைக்கோப்புகள் என்பதால் இவற்றுள் பலவற்றை எளிய உரைத்தொகுப்பியிலேயே பார்க்கலாம். எந்தச் சரிபார்ப்பும் இழந்த தகவலை மீட்டுத் தருவதில்லை. எனவே கருவி முதலில் எழுதிய கோப்பை மாற்றாமல் தனியே சேமித்து வைத்து, ஒவ்வொரு மாற்றத்தையும் அதன் படியிலிருந்தே செய்வது சிறந்த நடைமுறையாகக் கருதப்படுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

* புவியிடங்காட்டி
* ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்
* புவியியல் தகவல் முறைமை
* நிலப்படவியல்
* எக்ஸ்எம்எல்